இஞ்ஞாசியம்மாளின் கடைவாய்ப்பல்

இஞ்ஞாசியம்மாளுக்கு இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப்பல் வலிக்கத் தொடங்கி நாற்பதாம் நாள், தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, மாதாமுனைக் கோயிலில் இரக்கத்தின் ஜெபமாலைக்கு மணியடித்து ஓய்ந்த கையோடு, செத்துப் பதினாறு வருசமான ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் சந்தியாகு அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "எக்கா, ரொம்ப உபகாரம். வரட்டுமா?" என்று கேட்டார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வீடு வந்து, உப்பைத் துணியில் முடிந்து கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி, வாயைத் திறக்கவே மனசில்லாமல், "சரி, போயிட்டு வாங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எதிரேயிருந்த பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினார், உச்சிக்குப் போனார், அதற்கு மேல் படி கிடையாது, ஆனாலும் இன்னும் ஒரு படி ஏறினார். பிறகு ஆளைக் காணோம்.

கேட்டோரம் கிடந்த செருப்பைப் பார்த்த பிறகுதான், அட, இந்த ஆளைப் புதைக்கப் போன அன்றைக்குத்தானே என் குடை தொலைந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. பயமெல்லாம் இல்லை. பல்வலிக்காரிக்குப் பயப்பட நேரமேது?

இதிலே ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் மாதாமுனைக்காரர்களும் கேட்டார்கள். அந்த ஊரில் பிள்ளைகள் கல்லில் இடறிக் கால்விரல் பெயர்ந்து அழுதுகொண்டு வந்தால், தாய்மார் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடு" என்பார்கள். செத்தும் மோட்சம் போய்ச் சேராமல் பாவக்கடன் தீரக் காத்துக்கிடக்கிற ஆத்துமாக்கள் அவை, இங்கே ஒப்புக்கொடுக்கிற வலி அங்கே அவர்கள் கடனில் கழியும். பேறுகால வலியும், தேள்கடியும், மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து போடுகிற சண்டையும், மண்டை இடியும், கடலில் வெறும் வலை இழுத்த வயிற்றெரிச்சலும் எல்லாமே அந்த ஆத்துமாக்கள் பேருக்குத்தான் போய்க்கொண்டிருந்தன, நானூறு வருசமாக. இத்தனை காலம் போட்ட கடுதாசிக்கு இப்போது பதில் வருகிறது, அவ்வளவுதானே என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் இஞ்ஞாசி தன் வலியை ஊர் ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. "என் மகன் ரொசாரியோவுக்காக" என்று ஒரே ஒரு பேரைச் சொல்லித்தான் ஒவ்வொரு குத்தலையும் கொடுத்தாள். ரொசாரியோ வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே அவன் அப்பன் மிக்கேல் கடலோடு போய்விட்டான். அந்தப் பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்து இருபது வயசாக்கி மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டாள், கடற்கரைச் சாலையில் மீன்பெட்டி ஏற்றிவந்த வேன் ஒன்று பட்டப்பகலில் அவனை அடித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உச்சியிலிருந்து பாதம்வரை துணியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள், பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வருசமாகியும் அவளுக்கு அது ஆறவில்லை. பெற்றவள் கடைசியாக முகம் பார்க்கவில்லை. இப்போது செத்தவர்கள் கேட்டுக்கு வந்து நின்று சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றால், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அவனும் வந்து நிற்பான், ஒருதரம், ஒரே ஒருதரம் அந்த முகத்தைப் பார்த்துவிடலாம் என்று அவள் பல்லைப் பத்திரப்படுத்தினாள். "மைனி, ஒரு நிமிச வேலை, பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க" என்று கெஞ்சிய நாத்தனார் ஜெசிந்தாவை, "வாய மூடிட்டுப் போட்டீ" என்று விரட்டினாள்.

நாளொன்றுக்கு ஒருத்தராக, சரியாக மூன்று மணிக்கு, செத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் கோயில் பாட்டுக்காரி ஒருத்தி வந்தாள். ஐந்தாம் நாள் கணக்கு வாத்தியார் வந்தபோது இஞ்ஞாசி கேஸ் சிலிண்டருக்காகப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்; அவர் பொறுமையிழந்து தானே போய் ஏணியில் கால் வைக்க, கால் பாசியில் வைத்த மாதிரி வழுக்கி வழுக்கிக் கீழே வந்தது. அவள் போனை வைத்துவிட்டு "சரி, போயிட்டு வாங்க சார்" என்ற பிறகுதான் பிடி கிடைத்தது. வலி தாங்குகிறவள் வாயால் உத்தரவு கிடைக்காமல் யாரும் மேலே போகமுடியாது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது, தெரிந்ததிலிருந்து அவளை "ஏ இஞ்ஞாசி" என்று கூப்பிட்டவர்கள்கூட "வாங்கக்கா" என்றார்கள்.

கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவை அவசரமாகக் கூடி, மேற்படிப் பல் இஞ்ஞாசியம்மாளின் வாயில் இருந்தாலும் ஊர்ப் பொதுச்சொத்து என்றும், பேரவை அனுமதியின்றி அதைப் பிடுங்கவோ அடைக்கவோ கூடாதென்றும் தீர்மானம் போட்டது. ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது இஞ்ஞாசி கையைத் தூக்கினாள். கன்னத்தைப் பிடிக்கப் போன கை என்று அதைத் தள்ளிவிட்டார்கள். பலசரக்குக் கடையில் கிராம்பு டப்பாவை ஒளித்து வைத்தார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை அவளுக்கு மட்டும் ஸ்டாக் இல்லை. வீட்டுக்கு வீடு அல்வாவும், கருப்பட்டி மிட்டாயும், நடுங்க நடுங்கக் குளிர்ந்த சர்பத்தும் கொண்டுவந்து, "சாப்பிடுங்கக்கா, அந்தப் பக்கமா வச்சுக் கடிங்க" என்று பக்கத்திலிருந்து ஊட்டிவிட்டார்கள். இவ்வளவு பிரியமாக யாரும் யாரையும் வதைத்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ருசி பார்க்க முடியாமல் அவள் வைத்த உப்பில்லாச் சாம்பாரைப் பிள்ளைகள் ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுத்துச் சாப்பிட்டார்கள். தாங்களும் முயன்று பார்ப்போமே என்று இடுப்பு வலிக்காரர்களும் பித்தவெடிப்புக்காரர்களும் கிளம்பினார்கள். மூலக்காரர் முடியப்பர் ஒரு மாதம் முழுக்க உட்காரவே இல்லாமல் ஒப்புக்கொடுத்தார், அவர் வாசலுக்கு ஒரு பூனைகூட வரவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற சுடலைமுத்து மட்டும், இத்தனை பேர் ஏறுகிறார்களே, போகிற போக்கில் தண்ணீருக்குள்ளே காலை நனைத்துவிட்டுப் போனால் யார் பதில் சொல்வது என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதினான். பஞ்சாயத்தில் தீர விசாரித்து, "உயிருள்ளவர்கள் ஏறக்கூடாது" என்று ஏணியில் போர்டு மாட்டினார்கள். பங்குச் சாமியார் வெனான்சியுஸ் ஆயர் இல்லத்துக்கு மூன்று பக்கம் எழுதினார். உண்மையென்றும் சொல்ல வேண்டாம், பொய்யென்றும் சொல்ல வேண்டாம், பல்லை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

இந்தக் கூத்தெல்லாம் தொடங்கிய ஒன்பதாம் நாளே மிக்கேல் வந்தான். செத்தபோது இருபத்தைந்து வயசு, அதே இருபத்தைந்து வயசோடு, இடுப்பில் அதே கட்டம்போட்ட சாரமும் ஈரத்தலையுமாக வந்து நின்று, இஞ்ஞாசியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன மாமி, சௌக்கியமா? இஞ்ஞாசி எங்க?" என்று கேட்டான்.

"நான்தாம்யா இஞ்ஞாசி" என்றாள் அவள்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. காலால் மண்ணைக் கீறினான். நாற்பத்தொன்பது வயசுப் பெண்சாதியை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், "நல்லாருக்கீங்களா?" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, பல்லும் சுரீரென்று இழுத்தது. நரைத்த முடியை ஒதுக்கி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "உமக்கு ஒரு மகன் பொறந்தான், ரொசாரியோன்னு பேரு. அவன் அங்க இருக்கானா?" என்று கேட்டாள்.

மிக்கேல் வானத்தைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், கழுத்தைச் சொறிந்தான். "அங்க கூட்டம் ஜாஸ்தி புள்ள. திருவிழா பஸ்ஸு கெணக்கா. யாரு மொகமும் யாருக்கும் தெரியாது" என்றான்.

அவனுக்கும் "சரி, போயிட்டு வாரும்" சொல்லி ஏணியில் ஏற்றிவிட்டு, அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள். அதிலே ஒரு திருட்டு முழி இருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும், பாவம், ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இப்படியே எட்டு மாதம் ஓடி ஜெபமாலை மாதம் பிறந்தது. ரொசாரியோ பிறந்தது அக்டோபர் ஏழு, ஜெபமாலை மாதா திருநாள், அதனால்தான் அந்தப் பேர். வருவதென்றால் அன்றைக்குத்தான் வருவான் என்று அவள் மட்டுமல்ல, ஊரே நம்பியது. இஞ்ஞாசி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, நெய்மீன் வாங்கி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, குருத்தோலைத் திருநாளுக்கு எடுத்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வீங்கிய கன்னத்துக்கும் கொஞ்சம் பவுடர் போட்டு, இரண்டு மணிக்கே கேட்டைத் திறந்துவைத்து நின்றாள். தெருவில் நிற்க இடமில்லை. கோயில் மணி அடித்தது. தெருமுனையில் ஒரு ஆள் தலையைக் குனிந்தபடி வந்தான், எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள், அவன் கேட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான், நிமிர்ந்தான்.

பக்கத்து ஊர்த் தொம்மை. அந்த மீன் வேனை ஓட்டியவன். ஜாமீனில் வந்து, கேசு முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் செத்து, பெட்டி தூக்க நாலுபேர் சேராமல் புதைக்கப்பட்டவன்.

"எம்மா" என்று ஆரம்பித்தான்.

இஞ்ஞாசி கேட்டை அடித்துச் சாத்தினாள். உள்ளே போய் மீன் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். "ஆண்டவரே, இது என்ன நியாயம்? எம்புள்ளைக்குன்னு நான் உசிரைப் பிடிச்சிக் கொடுத்ததை எடுத்து எம்புள்ளைய கொன்னவனுக்கா போட்டீரு? உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து அவள் கத்தியது தெருக்கடைசி வரை கேட்டது.

தொம்மை போகவில்லை. எங்கே போவான்? மேலே போக உத்தரவு இல்லை, கீழே திரும்பப் பாதை இல்லை, கேட்டுக்கு எதிரே வெயிலில் அப்படியே நின்றான். மறுநாள் மூன்று மணிக்கு வந்த ஆத்துமா, செத்தும் ஒழுங்கு மாறாமல், அவன் பின்னால் வரிசையில் நின்றது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. முந்துங்கள், உங்களுக்கு மட்டும் உத்தரவு வாங்கித் தருகிறோம் என்று சொந்தக்காரர்கள் இழுத்துப் பார்த்தார்கள். அங்கே அத்தனை காலம் வரிசையில் நின்று பழகியவர்கள், முறை தவறி ஒரு அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டார்கள். பதினோராம் நாள் வரிசை ரேஷன் கடை வரைக்கும் போனது. பால் வண்டிக்காரன் செத்தவர்களுக்கு ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். வரிசையில் ஏழாவதாக நின்றது பேரவைத் தலைவரின் தகப்பனார் என்பதால் ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சாமியார் வெனான்சியுஸ் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்ஞாசி, துன்பத்துக்கு ஒரு பொருள் இருக்கு. ஒப்புக்கொடுத்த பொறவு அது நம்ம கையில இல்ல. யாருக்குக் கொடுக்கணும்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

"சாமி, பல்லு யாருக்கு வலிக்கி, உங்களுக்கா எனக்கா?"

சாமியார் யோசித்தார். "உனக்குத்தான்" என்றார்.

"அப்போ டீயைக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் குடித்துவிட்டுக் கிளம்பினார். நல்ல மனுசர்தான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். போன பிறகு அடுக்களையில் நின்றிருந்த ஜெசிந்தா, இவளைப் பார்க்காமல் சட்டியைத் தேய்த்தபடியே, மெதுவாகச் சொன்னாள்: "நான் ஒண்ணும் மன்னிக்கச் சொல்லல மைனி. அவன் நாசமாப் போகட்டும். ஆனா நம்ம புள்ளைய கடைசியா பாத்த கண்ணு அது. அத நெனச்சுக்கிடுங்க."

இஞ்ஞாசிக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே. எழுந்து போய் கேட்டைத் திறந்தாள். பதினொரு நாள் வெயிலில் நின்றவன் அப்படியே நின்றான், அவனுக்குப் பின்னால் பதினோரு தலைகள் ஒருசேர நிமிர்ந்தன.

"எலேய், எம்புள்ள அங்க இருக்கானா?" என்று கேட்டாள்.

"ஏய், சொல்லாதல!" என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "சொன்னா பல்லைப் பிடுங்கிருவா!"

தொம்மை திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லம்மா. அவன் அங்க ஒரு நாளும் இருந்ததில்ல" என்றான். "தெனமும் மூணு மணிக்கு ஒரு குரல் கூப்பிடும், 'மாதாமுனை ரொசாரியோவுக்கு, தாயார் இஞ்ஞாசியம்மா கொடுத்தது'ன்னு. மூணு தரம் கூப்பிடும். அந்தப் பேருக்கு யாரும் வரமாட்டாங்க. அவன் செத்த அன்னைக்கே நேரா மேல போயிட்டான், அவனுக்கு இதெல்லாம் தேவைப்படல. பொறவு, முன்னால யாரு நிக்காங்களோ அவங்க கையில கொடுத்துருவாங்க. எல்லாருக்கும் தெரியும். உங்கட்ட சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தாங்க. அன்னைக்கு முன்னால நான் நின்னேன்."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். பேரவைத் தலைவரின் தகப்பனார் இருமினார்.

எட்டு மாதம். எட்டு மாதம் தின்னாமல், உறங்காமல், வாய் கோணி, அத்தனையும் ஆளில்லாத பேருக்கு. அவன் வரப்போவதில்லை. இந்தக் கேட்டுக்கு அவன் ஒருநாளும் வரப்போவதில்லை. இஞ்ஞாசி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மொகம்" என்றாள். "மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"மொகத்துல ஒண்ணுமே இல்லம்மா. ஒரு கீறல் கெடையாது. கண்ணு முழிச்சிருந்தான். சின்னப்புள்ள தூங்கி எந்திரிச்ச மாதிரி என்னயப் பாத்தான்." தொம்மை உதட்டை நக்கிக்கொண்டான். "தண்ணி கேட்டான். வண்டியில பாட்டில் இருந்துச்சு. எடுக்கத்தான் போனேன், மாதா சத்தியமா எடுக்கத்தான் போனேன். தூரத்துல பஸ்ஸு வர்றது தெரிஞ்சுது. வண்டியில ஏறி ஓடிட்டேன். பாட்டில் என் மடியிலதான் கெடந்துச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தண்ணி எறங்கல, சாகுற வரைக்கும் எறங்கல, அங்கயும் எறங்கல."

தெருவே அழுதது. இஞ்ஞாசி அழவில்லை. திரும்பி உள்ளே போனாள். கல்லை எடுத்துவரத்தான் போகிறாள் என்று சிலரும், அரிவாள்மணை என்று சிலரும் பேசிக்கொண்டார்கள். பானையில் சொம்பை முக்குகிற சத்தம் கேட்டது. வந்தாள். சொம்பு நிறையத் தண்ணீர், நடையெல்லாம் சிந்தியது.

"குடி" என்றாள்.

அவன் பின்வாங்கினான்.

"குடில. அவனுக்குன்னு நெனச்சுத்தான் கொண்டாந்தேன். அவன் பேருக்கு வர்றதெல்லாம் முன்னால நிக்கவனுக்குத்தான போகுது. குடி."

தொம்மை இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, தொண்டைக்குழி ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்தான். வெகுநேரம் குடித்தான். சொம்பு வெறுஞ்சொம்பான பிறகும் குடித்துக்கொண்டே இருந்தான். அப்போதுதான் இஞ்ஞாசிக்கு அழுகை வெடித்தது. ஏழு வருசத்து அழுகை, வாயை அகலத் திறந்து, பல் வலிக்குமே என்றுகூடப் பார்க்காமல் தெருவில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே, "சரி, போயிட்டு வா" என்று கையை ஆட்டினாள். அவன் ஏறினான், உச்சிக்குப் போனான், இன்னும் ஒரு படி ஏறினான்.

மற்ற பதினோரு பேரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, உண்மையை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, அவசர அவசரமாக "வரட்டுமாக்கா" சொல்லி ஏறினார்கள். அவள் மூக்கைச் சிந்திச் சிந்தி எல்லோருக்கும் உத்தரவு கொடுத்தாள். பொழுது சாயும்போது தெரு காலியாகிவிட்டது, பால் வண்டி போயிற்று.

ஜெசிந்தா அவளைத் தூக்கி நிறுத்தி, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அவன் அங்க இல்லன்னு தெரிஞ்சு போச்சுலா மைனி. இனி யாருக்காக இந்தப் பாடு? நாளைக்கே போயி பல்லைப் பிடுங்கிட்டு வந்துருவோம்" என்றாள்.

"பிடுங்கணும்தான்" என்றாள் இஞ்ஞாசி. நாக்கால் வலப்பக்கத்தைத் துழாவிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒண்ணு லேசா தொடங்கியிருக்குட்டீ. அது நல்லா பிடிக்கட்டும், பொறவு இதப் பிடுங்குவோம்."